வாயடைக்கப்பட்ட கம்பைலர்

சி மொழியில் ஃபங்ஷனுக்குள் ஒரு மாறியை அறிவித்துவிட்டு மதிப்பு தராமல் விட்டால், உள்ளே பூஜ்யம் இருக்கும் என்று நம்ப முடியாது. முன்னால் ஓடிய ஏதோ ஒன்று விட்டுப்போன குப்பைதான் இருக்கும். அதனால்தான் கம்பைலர் எச்சரிக்கிறது. சிக்கல் என்னன்னா, அது சும்மாவும் கத்தும். ஒரு நிபந்தனை உண்மையானால் மதிப்பு வைக்கிறோம்; பிற்பாடு அதே நிபந்தனை உண்மையானால் மட்டும் எடுக்கிறோம். நமக்குத் தெரியும், பிரச்சினை இல்லை. நடுவில் இன்னொரு ஃபங்ஷன் அழைப்பு வந்தால் ஜிசிசிக்குச் சந்தேகம் வந்துவிடும். 2012-இல் வந்த ஜிசிசி 4.7, இந்தச் சந்தேகக் கேஸ்களை 'மேபி' என்று தனி எச்சரிக்கையாகப் பிரித்தது. நேர்மையான பெயர்.

லினக்ஸ் கெர்னல்காரர்கள் 2007-லேயே ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். எக்ஸ் = எக்ஸ் என்று விரியும் ஒரு மேக்ரோ. தன் குப்பையைத் தனக்கே ஊட்டுவது! ஜிசிசி அமைதியாகிவிடும். ஆனால் நாளைக்கு வேறொருவர் அந்தக் கோடைத் திருத்தி, நிஜமாகவே மதிப்பில்லாமல் விட்டாலும் அதே அமைதிதான். 2020-இல் கீஸ் குக் அந்த மேக்ரோவை முழுசாகத் தூக்கினார். அதே ஆண்டு லினஸ் டோர்வால்ட்ஸ், வழக்கமான பில்டில் 'மேபி' எச்சரிக்கையையே அணைத்தார். எனக்கு இரண்டுமே சரி என்றுதான் படுகிறது.

ஏனென்றால் 2006-இல் டெபியனில் நடந்தது அப்படி. அங்கே கத்தியது கம்பைலர் இல்லை, வால்கிரைண்ட். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ரேண்டம் எண் பகுதியில், மதிப்பு வைக்காத நினைவகத்தைப் படிக்கிறார்கள் என்றது. பொய்யில்லை, படித்தார்கள்தான், ஆனால் அதனால் தீங்கில்லை. எச்சரிக்கையை நிறுத்த, பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்த இரண்டு வரிகளை ஒரு பராமரிப்பாளர் கமெண்ட் செய்தார். ஒன்று போனதால் நஷ்டமில்லை. மற்றொன்றுதான் வெளியிலிருந்து வரும் சீரற்ற தன்மை முழுவதையும் உள்ளே கலந்த வரி. அது போனபின் மிஞ்சியது பிராசஸ் எண் மட்டும்: ஒரே வகைக் கணினியில், ஒரே அளவுச் சாவிக்கு, 32,768 சாத்தியங்கள். அத்தனையையும் முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

நிரல் ஓடியது, சோதனைகளில் எதுவும் தெரியவில்லை, எச்சரிக்கையும் இல்லை. லூசியானோ பெல்லோ கண்டுபிடித்து, 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தது. வரியைத் திரும்ப வைப்பது சுலபம். ஏற்கெனவே பிறந்த சாவிகளை என்ன செய்வது? எல்லாவற்றையும் தேடிப் பிடித்து மாற்ற வேண்டியிருந்தது, டெபியனையே நிறுவாத சர்வர்களில் போய் உட்கார்ந்திருந்தவை உட்பட.