மலாக்காவின் ரயில் எங்கே போனது?

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் போதும். பாச்சாங் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு குட்டிப் பட்டிமன்றமே தொடங்கிவிடும். "சிங்கப்பூருக்கு எதில் போவது? பேருந்தா, ரயிலா?"

பேருந்துக் கட்சியின் வாதம் பலமானது. மலாக்கா சென்ட்ரலில் ஏறினால், நெடுஞ்சாலை வழியாக நேரே சிங்கப்பூர். எல்லையில் மட்டும் இறங்கி, கடப்பிதழைக் காட்டிவிட்டு மீண்டும் ஏற வேண்டும். அவ்வளவுதான்!

ரயில் கட்சியும் லேசில் விடாது. பெருநாள் காலத்தில் ஜொகூர் கடற்பாலத்தில் மணிக்கணக்கில் பேருந்துக்குள் வியர்த்துக் கிடந்தவர்கள் அதில் உண்டு. ஆனால் அவர்கள் சொல்லும் வழியைப் பாருங்கள். முதலில் சிங்கப்பூருக்கு எதிர்த் திசையில், வடக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து புலாவ் செபாங் நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஜொகூர் பாரு. அங்கே இறங்கி, ஐந்து நிமிடத்தில் எல்லையைக் கடக்கும் தெப்ராவ் ரயிலுக்கு மாற வேண்டும்.

முடிவு என்ன? பெரும்பாலும் பேருந்துக்கே வெற்றி. ஆனால் தீர்ப்புக்கு முன் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. பழம்பெருமை வாய்ந்த துறைமுக நகரமான மலாக்காவுக்கு ஏன் ரயில் இல்லை?

பதில் இதுதான். மலாக்காவுக்கு ரயில் இருந்தது!

நகருக்குள் வந்த ரயில்

வெள்ளைக்காரர்கள் ரயில் பாதை போட்டது ஊர் பார்ப்பதற்காக அல்ல. ஈயமும் ரப்பரும் எங்கே இருந்தனவோ அங்கே தண்டவாளம் போனது. அதனால்தான் தென்பகுதியின் முதன்மைப் பாதை கடலோரத்தை விட்டு விலகி, தம்பின், கிம்மாஸ், சிகாமட், குளுவாங் என்று உள்நாட்டு வழியாக ஓடியது. 1909இல் அது ஜொகூர் பாருவை எட்டியது. மலாக்கா, மூவார், பத்து பகாட் போன்ற கரையோர ஊர்களுக்குக் கப்பலே போதும் என்று நினைத்தார்கள்.

ஆனால் மலாக்காவிலும் ரப்பர் வந்தது. 1896இல் டான் சாய் யான் என்ற சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்து வந்த ஆண்டுகளில் மாநிலமெங்கும் தோட்டங்கள் பெருகின. காட்டை அழிக்கவும் பால் மரம் வெட்டவும் தமிழ்நாட்டிலிருந்து ஆள்கள் வந்து இறங்கினார்கள். 1905இல் தம்பினிலிருந்து மலாக்கா நகருக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது.

1923இல் ஜொகூர் கடற்பாலத்தின் மீது ரயில் ஓடத் தொடங்கியது. 1932இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. ஆக, போருக்கு முந்திய மலாக்காக்காரர் தம் ஊரிலேயே ரயில் ஏறி, தம்பினில் வண்டி மாறி, சிங்கப்பூரின் நடுவே போய் இறங்க முடிந்தது! மலாக்காவும் சிங்கப்பூரும் அப்போது பினாங்கோடு சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள் என்ற ஒரே ஆட்சியில் இருந்தன. எல்லையில் கடப்பிதழ் காட்டும் வழக்கம் வந்ததே 1967இல்தான்.

தண்டவாளத்தோடு போனவர்கள்

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா முழுவதும் ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மாவில் இருந்த தங்கள் படைக்குத் தளவாடம் அனுப்ப அவர்களுக்கு ஒரு பாதை தேவைப்பட்டது. சயாமிலிருந்து பர்மாவுக்குக் காடு மலைகளைக் குடைந்து 415 கிலோமீட்டர் ரயில் பாதை. அதை ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலத்தில், 1943 அக்டோபரில் முடித்தார்கள்.

அதற்கு இரும்பு வேண்டுமே? மலாயாவின் கிளைப்பாதைகளைப் பிடுங்கினார்கள். தம்பின்-மலாக்கா பாதை பெயர்த்தெடுக்கப்பட்டு சயாமுக்குப் போனது.

ஆள் வேண்டுமே? தோட்டங்களுக்கு வந்தார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று, வேலையும் அரிசியும் இல்லாமல் லயங்களில் பசி குடியிருந்த நேரம் அது. மூன்று மாத வேலை, நல்ல கூலி, சாப்பாடு என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மயங்காதவர்களை வளைத்துப் பிடித்தார்கள். மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து வடக்கே அனுப்பினார்கள். மலாயாவிலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத் தமிழர்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி, அடி உதை எனப் பல வகையில் மரணம் வந்தது. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை.

அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. ஒரே மயானத்தில் ஏறக்குறைய 7,000. குவாய் நதிப் பாலம் பற்றி 1957இல் வந்த ஆங்கிலப் படத்தை உலகமே பார்த்தது. அதிலும் கதை வெள்ளைக்காரக் கைதிகளுடையதுதான். பெயர் எழுதிய கல்லறை நம்மவருக்கு வாய்க்கவில்லை. 2023இல்தான் தமிழர்களுக்காகக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் எழுந்தது.

பேருந்து வென்றதா?

போர் முடிந்தது. கிழக்குக்கரைப் பாதையிலும் ஜப்பானியர் தண்டவாளம் பிடுங்கியிருந்தார்கள். அது சீராக்கப்பட்டு 1953இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. மலாக்கா பாதையை மட்டும் யாரும் திருப்பிப் போடவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மூவாரில் 1890இல் ஒரு சிறிய ரயில் பாதை தொடங்கியது. சாலை வண்டிகளின் போட்டியைத் தாங்க முடியாமல் 1929இலேயே அது மூடப்பட்டது. போருக்குப் பிறகும் நீடித்த போர்ட்டிக்சன் கிளைப்பாதையில் பயணிகள் ரயில் பின்னாளில் நின்று போனது. மலாக்கா பாதை தப்பியிருந்தாலும் இதே கதி வந்திருக்கலாம். ஆனால் அதை இந்த ஊர் மக்களும் அவர்களின் தேவையும் முடிவு செய்திருக்கும். நடந்தது அப்படியல்ல. போட்டியாளரைத் தூக்கிக்கொண்டு போன பிறகு நடந்த பந்தயத்தில் பேருந்து வென்றது!

அதன் பின் எல்லாம் சாலைக்கே சாதகமாக நடந்தது. 1960களின் பிற்பகுதியில் மூவார் ஆற்றுக்குப் பாலம் வந்து, பெட்டுப்படகுக்குக் காத்திருக்கும் தொல்லை ஒழிந்தது. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. ரயிலோ 2011இல் தஞ்சோங் பகாரை விட்டு ஊட்லண்ட்ஸுக்குப் பின்வாங்கியது. 2015இல் நீண்ட தூர ரயில்கள் ஜொகூர் பாருவோடு நின்றன. 2025 டிசம்பரில் மின்ரயில் சேவை ஜொகூர் பாருவரை நீண்டது. பயணம் விரைவானது உண்மை. ஆனால் பாச்சாங்கில் இருப்பவர் அதில் ஏறுவதற்கு இன்றும் புலாவ் செபாங்தான் போக வேண்டும்.

ஆகவே, அடுத்த விடுமுறைக்குப் பேருந்திலேயே போங்கள். அதில் தவறில்லை. ஆனால் புறப்படும் முன் வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "நம் குடும்பத்தில் யாராவது சயாமுக்குப் போனார்களா?" பல வீடுகளில் பதில் தெரிந்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். மிஞ்சியிருப்பவர்கள் சொல்லும் பெயரை, தோட்டத்தை, ஆண்டை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

மலாக்காவின் தண்டவாளம் இனித் திரும்பாமல் போகலாம். அதோடு போனவர்களின் பெயராவது வீட்டில் இருக்கட்டும்.