யாருடைய கையிலிருந்து அம்மைப்பால்?

நோயாளியின் கடவுள் நம்பிக்கையை மருத்துவம் மதிக்கணும் என்று இன்று பாடமே நடத்துகிறார்கள். சரிதான். ஆனால் வரலாற்றில் மதிக்கப்பட்டது யாருடைய நம்பிக்கை? பெரியம்மையின் கதையைப் புரட்டினால் பதில் கிடைக்கும்.

1802இல் பம்பாயில் தொடங்கிய அம்மை குத்துதல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அப்போது அம்மைப்பால் புட்டியில் வரவில்லை. குத்தின குழந்தையின் கையில் எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் திரளும். அதைக் கீறி, கசியும் நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றுவார்கள். கைக்குக் கைதான். பெரும்பாலும் கீறப்பட்டது ஏழைப் பிள்ளைகளின் கை, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் பெற்ற பிள்ளைகளின் கை. அந்தக் கையிலிருந்து எடுத்ததை ஏத்திக்க மேல்சாதியார் மறுத்தார்கள். தீட்டாம்! உயிர் காக்கிற நீரிலும் தீட்டு.

கும்பினி அரசு இதையும் மத நம்பிக்கை என்றே எடுத்துக்கொண்டு இணங்க வைக்கப் பார்த்தது. சென்னையில் அதிகாரியாக இருந்த எல்லிஸ் (இறப்பு 1819), பஞ்சகவ்யத்தோடு ஆறாவதாக அம்மைப்பாலையும் பசுவின் கொடையாகச் சேர்த்து ஒரு புராணமே புனைந்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கன்றுக்குட்டியிலிருந்து பால் எடுக்கும் முறை பரவியது. கைக்குக் கை ஏற்றினால் வேறு நோய் தொற்றும் என்ற பயத்தோடு, சாதிக்காரர் மறுப்பும் அதற்கு ஒரு காரணம்.

"ஆத்தா வந்திருக்கா" என்று வாசலில் வேப்பிலை செருகி, முத்து இறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்தும் வரை பிள்ளையோடு விழித்திருந்தாளே சேரித் தாய், அவள் நம்பிக்கைக்கு என்ன பெயர்? மூடத்தனம்.

வேடிக்கை பாருங்கள். வெட்டுண்ட ரேணுகையின் தலை பறைச்சியின் உடலோடு பொருந்தியதால் உண்டானவள்தான் மாரி என்கிறது ஊர்க்கதை. அவளைக் கும்பிடலாம், அவள் பிள்ளையின் கை மட்டும் தீட்டு!

சித்த வைத்தியரான அயோத்திதாசர் (1845–1914) இதை வேறு மாதிரிப் படித்தார். அம்மனைப் பௌத்த அம்பிகையாகவும் வேப்பிலையை அவள் தந்த மருந்தாகவும் கண்டார். நம் சனத்தின் நம்பிக்கைக்குள்ளேயே வைத்திய அறிவைத் தேடிய பார்வை அது.

பெரியம்மை இந்தியாவில் 1975இல் ஓய்ந்தது. உலகில் ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். கேள்வி ஓயவில்லை. டாக்டர், நோயாளியின் தாயத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். உட்காரவைத்து நோயைச் சொல்லுங்கள், அவர் பயத்தையும் கேளுங்கள். ஆனால் "இன்னார் தொட்டு ஊசி போடக்கூடாது" என்று எவனாவது சொன்னால், அதை நம்பிக்கைக் கணக்கில் எழுதாதீர்கள். அது சாதி. அதற்கு ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது.