மிட்சுபிஷி: மூன்று வைரமும் ஒரு லாக்கர் அறையும்



உங்களில் யாராவது யூனிபால் பேனா வைத்திருந்தால், அதைச் செய்யும் கம்பெனியின் பெயரைத் தேடிப் பாருங்கள். மிட்சுபிஷி பென்சில் என்று இருக்கும். சின்னமும் அதே மூன்று வைரம்தான். கார் கம்பெனிக்காரர்கள் பேனாவும் செய்கிறார்கள் போல என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பென்சில்காரர் அந்தச் சின்னத்தை 1903-லேயே பதிவு செய்துவிட்டார். கப்பல், வங்கி, கார் எல்லாம் வைத்திருக்கும் பெரிய மிட்சுபிஷி குழுமம் பதிவு செய்தது அதற்குப் பிறகு! சண்டை போடாமல் இரண்டு பேரும் இன்று வரை அதே சின்னத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பெயருக்கும் ஒரு சின்னத்துக்கும் எவ்வளவு மதிப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. நம் பி.காம் பாடத்தில் 'நற்பெயர்' என்று ஒரு அத்தியாயம் வருமே, ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு குட்வில். சராசரி இலாப முறை, மிகை இலாப முறை என்று கணக்குப் போடவைத்தே நம்மை ஒரு வழி பண்ணிவிடுவார்கள் :-) ஆனால் அந்த நற்பெயர் எப்படிப் போகிறது என்று எந்தக் கணக்கிலும் வராது. அதைப் புரிந்துகொள்ள மிட்சுபிஷி மோட்டார்ஸ் கதை போல ஒரு நல்ல கதை கிடைக்காது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. இவாசாகி யதாரோ என்பவர் 1870-ல் கப்பல் தொழிலில் இறங்கினார். மிட்சு என்றால் மூன்று. ஹிஷி என்பது தண்ணீரில் வளரும் ஒரு செடியின் பெயர், சாய்சதுர வடிவத்துக்கும் அதே சொல்தான். கப்பலிலிருந்து சுரங்கம், கப்பல் கட்டும் தளம், வங்கி என்று குழுமம் பெருத்தது. 1917-ல் கோபே நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில், ஒரு ஃபியட் காரை மாதிரியாக வைத்து 'மாடல் ஏ' என்ற காரைச் செய்தார்கள். ஜப்பானில் வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் கார் என்று இதைச் சொல்கிறார்கள். வரிசை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், மொத்தமே 22 கார்கள். எல்லாம் கையால் செய்தது, விலை அதிகம். 1921-ல் மூட்டை கட்டிவிட்டார்கள்.

பிறகு போர். ஜீரோ போர் விமானம் இவர்களுடையதுதான். தோற்ற பிறகு அமெரிக்கர்கள் வந்து இந்த மாதிரிப் பெரிய குழுமங்களையெல்லாம் துண்டு துண்டாக உடைத்தார்கள். உடைந்த துண்டுகள் ஸ்கூட்டர் செய்தன, 1953 முதல் வில்லிஸ் உரிமத்தில் ஜீப் செய்தன, 1960-ல் மிட்சுபிஷி 500 என்ற குட்டிக் கார் செய்தன. 1964-ல் துண்டுகள் மறுபடி ஒன்றாகி மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆனது. அதிலிருந்து 1970-ல் பிரிந்து வந்ததுதான் மிட்சுபிஷி மோட்டார்ஸ். அடுத்த வருடமே அமெரிக்க கிரைஸ்லர் 15% பங்கு எடுத்துக்கொண்டது.

வண்டிகளில் குறை சொல்ல முடியாது. 1974-ல் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியில் கென்யாவின் ஜோகிந்தர் சிங் லான்சர் ஓட்டி ஜெயித்தார். 1976-ல் மறுபடியும். பாலைவனத்தில் ஓடும் டாக்கர் ராலியில் பஜேரோ குடும்பம் மொத்தம் 12 முறை முதலிடம், அதிலும் 2001 முதல் 2007 வரை தொடர்ந்து ஏழு முறை. (ஸ்பானிஷ் மொழியில் பஜேரோ என்பது அசிங்கமான வார்த்தை. அதனால் அந்த நாடுகளில் மான்டேரோ என்று பெயர் மாற்றி விற்றார்கள்!) டோமி மேக்கினென் லான்சர் எவல்யூஷனில் 1996 முதல் 1999 வரை நான்கு முறை உலக ராலி சாம்பியன். ஜாக்கி சான் படங்களில் பறந்து புரளும் கார்கள் பெரும்பாலும் எந்தக் கம்பெனி என்று கவனித்திருப்பீர்கள். நம் பக்கத்திலேயே, அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998-ல் திருவள்ளூர் ஆலையிலிருந்து லான்சரை வெளியிட்டது.

இப்படிப்பட்ட கம்பெனிக்கு என்ன ஆச்சு?

2000-ஆம் ஆண்டு கோடையில் ஜப்பான் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் பெயர் சொல்லாத ஒருவரிடமிருந்து துப்பு வந்தது. அதிகாரிகள் போய்ச் சோதனை போட்டபோது, ஊழியர்கள் உடை மாற்றும் லாக்கர் அறையில் கட்டுக் கட்டாக வாடிக்கையாளர் புகார்கள் கிடைத்தன. அமைச்சகத்துக்குக் காட்ட ஒரு கட்டு, மறைக்க ஒரு கட்டு. ஆகஸ்ட் மாதம் கம்பெனி ஒத்துக்கொண்டது. 1977 முதலே இந்த வழக்கம் இருந்திருக்கிறது! மறைத்த புகார்களோடு தொடர்புள்ள வண்டிகள் மட்டும் ஆறு லட்சத்துக்கும் மேல். தலைவர் கவாசோவே கட்சுஹிகோ பதவி விலகினார்.

புகாரை எதற்கு மறைக்க வேண்டும்? ஜப்பான் சட்டப்படி பாதுகாப்பைப் பாதிக்கும் பழுது தெரிந்தால் அமைச்சகத்திடம் சொல்லி, ஊரறிய வண்டிகளைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். அதுதான் ரீகால். அதில் பணம் போகும், பெயரும் போகும். அதனால் வண்டி சர்வீஸுக்கு வரும்போது ஓசைப்படாமல் பாகத்தை மாற்றி அனுப்பிவிடுவது. இதற்கு ஜப்பானில் ஒரு பெயரே இருக்கிறது, 'யாமி கைஷு'. யாமி என்றால் இருட்டு. இருட்டில் செய்யும் ரிப்பேர் என்று வைத்துக்கொள்ளலாம். சர்வீஸுக்கு வராத வண்டி? அது அப்படியே ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் நம் பாடம் எனக்கு ஞாபகம் வந்தது. வண்டி விற்ற வருடமே, பின்னால் வரப்போகும் பழுதுக்கு ஒதுக்கு வைக்க வேண்டும் என்று படிக்கிறோம். மறைத்த புகார் என்பது எழுதாமல் விட்ட ஒரு பொறுப்பு. இருபது வருடத்துக்கு மேல் அது இருப்புநிலைக் குறிப்பில் வரவே இல்லை, ஆனால் வட்டி போட்டுக்கொண்டு வளர்ந்தது. அதே சமயம் எதிர்ப்பக்கத்தில் நற்பெயர் மட்டும் ஜோராக உட்கார்ந்திருந்தது. (சுயமாகச் சம்பாதித்த நற்பெயரை ஏட்டில் காட்டக் கூடாது என்று எனக்கும் தெரியும், அடிக்க வராதீர்கள்!)

நற்பெயருக்கு விலை போட்டவர்கள் ஜெர்மானியர்கள். அந்த வருடத் தொடக்கத்தில்தான் டைம்லர்கிரைஸ்லர் 34% பங்கை வாங்கப் பேசி முடித்திருந்தது. லாக்கர் விஷயம் வெடித்ததும் மறுபடி பேரம். பங்கு ஒன்றுக்கு 450 யென் என்று பேசியது 405 யென் ஆனது. 45 யென் குறைந்தது. எந்த முறையில் கணக்கிட்டார்களோ, நம் புத்தகத்தில் இருக்கும் எந்தக் கணக்கையும்விட இது தெளிவாக இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் வெறும் வியாபாரக் கதை. முடியவில்லை.

2002 ஜனவரி 10. யோகோஹாமா நகரம். மிட்சுபிஷி ஃபூசோ இழுவை லாரி ஒன்றின் முன் இடது சக்கரம் ஓட்டத்திலேயே கழன்றது. சுமார் 140 கிலோ எடை. அது உருண்டுபோய், நடைபாதையில் இரண்டு மகன்களோடு போய்க்கொண்டிருந்த 29 வயதுத் தாயின் மேல் மோதியது. தாய் இறந்துபோனார். குழந்தைகளுக்குக் காயம்.

சக்கரத்தை அச்சோடு இணைக்கும் ஹப் என்ற பாகம் உடைந்ததுதான் காரணம். கம்பெனி என்ன சொன்னது? லாரி வைத்திருப்பவர் சரியாகப் பராமரிக்கவில்லை, ஹப் தேய்ந்த பிறகும் மாற்றவில்லை என்றது. 0.8 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்று ஒரு அளவுகோலும் வைத்தது. போலீஸ் அந்த லாரி கம்பெனியில் போய்ச் சோதனை போட்டது. யோசித்துப் பாருங்கள், ஒரு பக்கம் மூன்று வைரம், இன்னொரு பக்கம் ஊரில் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனி. யார் சொல்வதை ஜனங்கள் நம்புவார்கள்? நற்பெயருக்கு இப்படியும் ஒரு உபயோகம் உண்டு என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் உறைத்தது. பழியை இன்னொருவர் கணக்கில் பற்று வைக்க அது உதவுகிறது.

அதே வருடம் அக்டோபரில் யமாகுச்சி மாநிலத்தில் இன்னொரு லாரி. கிளட்ச் பகுதியில் இருந்த குறையால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் கழன்று விழுந்து பிரேக் குழாயை அறுத்துவிட்டது. பிரேக் இல்லாமல் போய் மோதியதில் டிரைவர் இறந்தார். இந்தக் குறையும் கம்பெனிக்கு முன்பே தெரியும். 2000-ல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று தலை குனிந்தார்களே, அப்போதும் இது லாக்கருக்கு வெளியே வரவில்லை!

2004 மார்ச்சில்தான் ஹப் வடிவமைப்பிலேயே கோளாறு என்று ஒப்புக்கொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட லாரி பஸ்களைத் திரும்ப அழைத்தார்கள். ஹப் உடைவது 1990களிலிருந்தே பல முறை நடந்திருக்கிறது. அடுத்த மாதம் டைம்லர்கிரைஸ்லர் இனிமேல் பணம் போட முடியாது என்று கையை விரித்தது. மே, ஜூன் மாதங்களில் கைதுகள். முன்னாள் தலைவர் கவாசோவேயும் அதில் ஒருவர். 2008-ல் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. சிறைத் தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. சக்கர வழக்கில் இரண்டு முன்னாள் அதிகாரிகளின் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய 2012 ஆகிவிட்டது.

வேறு கம்பெனியாக இருந்தால் 2004-லேயே கதை முடிந்திருக்கும். ஆனால் மிட்சுபிஷி ஹெவி, மிட்சுபிஷி கார்ப்பரேஷன், மிட்சுபிஷி வங்கி மூன்றும் சேர்ந்து பணத்தைக் கொட்டிக் காப்பாற்றின. பாசம் ஒரு காரணமாக இருக்கலாம். என் கணக்கு வேறு. ஒரே சின்னத்தை நெற்றியில் ஒட்டிய ஒருவர் திவாலானால் மற்றவர்களின் நெற்றியும் அசிங்கமாகும். அவர்கள் காப்பாற்றியது சின்னத்தை.

கஷ்டகாலத்திலும் நல்ல வேலை நடந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 2009-ல் வந்த ஐ-மீவ், பெரிய அளவில் தயாரித்து விற்ற முதல் நவீன மின்சாரக் கார்களில் ஒன்று. 2013-ல் வந்த அவுட்லேண்டர் ப்ளக்-இன் ஹைபிரிட் ஐரோப்பாவில் நன்றாக விற்றது. பொறியாளர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை.

அப்படியிருந்தும் 2016 ஏப்ரலில் மூன்றாவது முறை. இந்தத் தடவை மைலேஜ். 6,25,000 சின்னக் கார்களின் எரிபொருள் சோதனையில் எண்களைத் திருத்தியிருந்தார்கள். அதில் முக்கால்வாசி நிஸ்ஸானுக்குச் செய்துகொடுத்த கார்கள், வித்தியாசத்தைக் கண்டுபிடித்ததும் நிஸ்ஸான்தான். எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒரு சின்ன விவரம். லிட்டருக்கு 26.4 கிலோமீட்டர் என்று தொடங்கிய இலக்கை மேலே இருப்பவர்கள் ஐந்து முறை ஏற்றி 29.2-ல் கொண்டுபோய் நிறுத்தினார்கள். முடியாது என்று கீழேயிருந்து யாரும் சொல்லவில்லை, அல்லது சொன்னது காதில் விழவில்லை. 1977-ல் வாடிக்கையாளர் புகார் மேலே போகாமல் லாக்கரில் நின்றது. 2016-ல் சொந்தப் பொறியாளர்களின் புகாரே நின்றுபோனது. மூன்று முறையும் தலைவர்கள் கேமரா முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்ட படம் மட்டும் ஒரே மாதிரி இருக்கிறது.

பங்கு விலை சரிந்த சமயம் பார்த்து நிஸ்ஸான் 23,700 கோடி யென்னுக்கு 34% வாங்கியது. பிறகு 2024-ல் நிஸ்ஸானே பணக் கஷ்டத்தில் அதில் ஒரு பகுதியை விற்றது, அது தனிக்கதை. இன்று மிட்சுபிஷியின் பலம் தென்கிழக்கு ஆசியா. இந்தோனேசியாவில் எக்ஸ்பாண்டர், தாய்லாந்தில் ட்ரைட்டன். லாரிப் பிரிவான ஃபூசோ 2000களிலேயே டைம்லர் கைக்குப் போய்விட்டது. 2013 முதல் நம் ஒரகடத்து ஆலையிலேயே ஃபூசோ லாரிகளைச் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

அந்த டிரான்ஸ்போர்ட் கம்பெனி? உண்மை வெளிவருவதற்குள் அது தொழிலையே விட்டுவிட்டது. 2006-ல் இந்தச் சம்பவத்தை அடிப்படையாக வைத்து இகெய்டோ ஜுன் ஒரு நாவல் எழுதினார். 'சோரா தோபு தையா', பறக்கும் டயர் என்று அர்த்தம். 2018-ல் சினிமாவாகவும் வந்தது. கதாநாயகன் பழி சுமந்த லாரி கம்பெனி முதலாளி. எழுத வருவதற்கு முன்னால் இகெய்டோ வேலை பார்த்தது மிட்சுபிஷி வங்கியில்.