துப்பறியும் சாம்புவின் பூர்வ சரித்திரம்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நோக்கு

தமிழ்த் துப்பறியும் கதைமாந்தருள், பத்திரிகையிலே பிறந்து, நாடக மேடை ஏறி, பின்னர் சென்னைத் தொலைக்காட்சியிலும் தொடராக உலவிய பெருமை எழுத்தாளர் தேவனுடைய ‘துப்பறியும் சாம்பு’வுக்கு உண்டு. 1942இல் ‘ஆனந்த விகட’னில் தோன்றி ஐம்பது கதைகளாக வளர்ந்த இப்பாத்திரத்தை, ஷெர்லக் ஹோம்ஸைப் பரிகசிக்க எழுந்த ஹாஸ்ய சிருஷ்டி என்று சொல்லி அமைவது வழக்கம். அதன் பூர்வ சரித்திரத்தைத் தமிழகத்து நூல் வரிசையோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராம வாழ்க்கையையும் சேர்த்து நோக்குவோமாயின், சாம்புவின் வெற்றிக்கு ஆதாரமாயிருந்த ஒரு பழைய மனோபாவம் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

எட்கார் அலன் போ, டூபின் என்னும் புத்திமானைப் படைத்து நவீன துப்பறியும் கதைக்கு வித்திட்ட அதே 1841ஆம் ஆண்டிலேதான், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனாரின் ‘உதயதாரகை’ வெளிவரத் தொடங்கிற்று. 1823இல் ஸ்தாபிக்கப்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கில நூல்களிற் பயின்ற ஒரு வகுப்பாரை உருவாக்கியிருந்தது, அச்சியந்திரமும் இருந்தது, வாசகரும் இருந்தனர். ஆயினும் ஈழத்தில் முதலில் எழுந்த நாவல்கள் வேறு வழியிற் சென்றன. சித்திலெப்பையின் ‘அசன்பேயுடைய கதை’ (1885) குழந்தைப் பருவத்திற் கடத்தப்பட்டவனின் வரலாறு, திருகோணமலை இன்னாசித்தம்பியின் ‘ஊசோன் பாலந்தை கதை’ (1891) பிரிந்துபோன சகோதரரின் வரலாறு, யாழ்ப்பாணத்துச் சி. வை. சின்னப்பபிள்ளை 1905இல் வெளியிட்ட ‘வீரசிங்கன் கதை’க்கோ ‘சன்மார்க்க ஜெயம்’ என்பது மறுபெயர். இவற்றிலே இரகசியங்களுக்கும் அபாயங்களுக்கும் குறைவில்லை. துப்பறிவோன் மாத்திரம் கதாநாயகன் ஆகவில்லை.

அவன் தமிழில் தோன்றியது சென்னையிலே. பண்டித நடேச சாஸ்திரியார் 1894இல் தானவன் என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை வெளியிட்டார். அடுத்த தலைமுறையில் ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி ஏராளமாக எழுதினார், ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனையும், வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரையும் படைத்தனர். போலீஸ் நிபுணன் சாமியாராக மாறியது கவனிக்கத்தக்கது. வெறும் யுக்தியைக் காட்டிலும், உலகப் பற்றைத் துறந்த ஒருவனிடத்தே இரகசியத்தை ஒப்படைப்பது தமிழ் வாசகருக்கு உவப்பாயிருந்தது போலும். அச்சாமியார் 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாகியபோது எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் நடித்தார்.

இந்நூல்கள் பாக்கு நீரிணையைக் கடந்து வந்து குடாநாட்டில் விருப்பத்தோடு வாசிக்கப்பட்டன. அவ்வாறிருந்தும் யாழ்ப்பாணம் தனக்கென ஒரு கோவிந்தனைப் படைத்துக்கொள்ளாதது ஏன்? காணி உறுதியும் நொத்தாரிசும் அப்புக்காத்தும் அன்றாடப் பேச்சிற் கலந்து, தேசவழமைச் சட்டம் 1707 முதல் ஏட்டில் ஏறியிருந்த நாட்டிலே, சாட்சியத்தை எடைபோடும் சாமர்த்தியம் குறைவாயிருந்தது என்று எவரும் சொல்லார். காரணத்தைக் கிராம நிர்வாகத்தில் தேடவேண்டும். களவு போனாலும் வேலி வெட்டப்பட்டாலும் முதலில் விசாரிக்க வருபவர் கிராமத் தலைமைக்காரராகிய விதானையார். அவருக்கு மேலே உடையார், மணியகாரர். விதானையார் அயலூரிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்திறங்கும் அந்நியர் அல்லர். வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஏதோ ஒரு முறையில் உறவினர். செய்தவன் யார் என்பது பெரும்பாலும் ஊருக்கு முன்னமே தெரியும். அதை நீதிஸ்தலத்திலே நிரூபிப்பது எவ்வாறு, யார் வாய்திறந்து சாட்சி சொல்வார் என்பதே சங்கடம். எவரும் எவரையும் அறியாத லண்டன் போன்ற மாநகரத்திற்கு ஹோம்ஸ் இன்றியமையாதவன். ஒருவரையொருவர் மூன்று தலைமுறையாக அறிந்த ஊருக்கு அவன் மிகையானவன்.

இந்நிலையில் நின்று சாம்புவை நோக்கினால் அவனது விசேஷம் தெளிவாகும். மந்தபுத்தி படைத்த பாங்கிக் குமாஸ்தாவாகிய அவன் உளறுவதும் தடுமாறுவதும் தற்செயலாகக் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்க, இன்ஸ்பெக்டர் கோபாலன் அதனை அபூர்வ மேதை என்று வியக்கிறார். 1968இல் பீட்டர் ஃபால்க் நடிப்பில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய கொலம்போ என்னும் போலீஸ் துப்பறிவோனின் கதைகளிலும் பார்வையாளர் போலீசாரைவிட அதிகம் அறிந்தவரே. ஆங்கே அவர் முன்கூட்டி அறிவது கொலைஞனை. ஈங்கே அறிவது துப்பறிவோனின் அறியாமையை. ஊராருக்குத் தெரிந்தது உத்தியோகஸ்தருக்குத் தெரியாது என்னும் கிராமத்து அனுபவமே, விகடன் வாசகரின் சிரிப்பாக உருமாறிற்று எனலாம்.

தானவனின் நிபுணத்துவம், கோவிந்தனின் சாமர்த்தியம், சாமியாரின் துறவு என மூன்று படிகளில் மேலேறிய மதிப்பைச் சாம்பு ஒரேயடியாகக் கவிழ்த்தான்; நிபுணனை முற்றாக நம்பாத வாசகர் ஏற்கெனவே இருந்தமையாலேயே அக்கவிழ்ப்புச் செல்லுபடியாயிற்று. ஆதலின் தமிழ்த் துப்பறியும் கதையின் சரித்திரத்தை எழுத முற்படுவோர், ஆங்கில மூலங்களைத் தேடும் அதே சிரத்தையோடு, 1963இல் ஒழிக்கப்படும்வரை நிலவிய கிராமத் தலைமைக்காரர் முறையையும், அக்காலத்து வழக்குப் பதிவுகளையும் ஆராய்தல் அவசியமாகும்.