ஜகன்மோகினி: பெண்கள் தாமே நடத்திய இதழ்களின் வரலாற்றில்

தமிழில் பெண்களுக்கான இதழ்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே வெளிவரத் தொடங்கிவிட்டன. ‘மாதர் மனோரஞ்சனி’ 1899இல் தொடங்கியது. 1905இல் தோன்றிய ‘சக்கரவர்த்தினி’க்குப் பாரதியார் ஆசிரியராக இருந்தார். ஆனால் பெண்களுக்கான இதழ் வேறு, பெண்களின் இதழ் வேறு. எதை அச்சிடுவது, எதை விடுவது, காகிதத்துக்குப் பணம் புரட்டுவது யார், சந்தாத் தொகை யார் கைக்கு வருவது என்று கேட்டால், அன்றைய ‘மாதர்’ இதழ்கள் பலவற்றிலும் விடையாகக் கிடைப்பது ஓர் ஆணின் பெயர்தான். ‘ஹிதகாரிணி’ நடத்திய பண்டித விசாலாட்சி அம்மாள், ‘சிந்தாமணி’ நடத்திய வி. பாலாம்பாள் போன்றோர் விதிவிலக்குகள். அவ்விதிவிலக்குகளுள் நெடுங்காலம் நிலைத்து நின்றது, வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901–1960) நடத்திய ‘ஜகன்மோகினி’.

கோதைநாயகி பள்ளிக்குச் சென்றவர் அல்லர். ஐந்தரை வயதில், 1907இல், திருவல்லிக்கேணியைச் சேர்ந்த வை.மு. பார்த்தசாரதிக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டார். கணவருக்கு அப்போது வயது ஒன்பது. அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் அவருக்குத் தேர்ச்சி இருந்தது, எழுதத்தான் வராது. ஆகவே தம் முதல் படைப்பான ‘இந்திர மோகனா’ நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1924இல் அது அச்சாயிற்று. பிறகே கோதைநாயகி தமிழ் எழுதப் படிக்க முறையாகக் கற்றுக்கொண்டார். எழுத்தாளரான பின் எழுத்தறிந்தவர் என்று சொன்னால் வேடிக்கையாக இருக்கும், நடந்தது அதுதான். அந்தத் தோழியின் கையெழுத்து இல்லையென்றால் அடுத்த 35 ஆண்டுகளும் இல்லை.

‘மனோரஞ்சனி’ என்ற இதழை நடத்திவந்த நாவலாசிரியர் வடுவூர் துரைசாமி ஐயங்கார், நின்றுபோன ‘ஜகன்மோகினி’யை வாங்கி நடத்தும்படி யோசனை கூறினார். கணவர் துணை நின்றார். 1925இல் இதழ் கோதைநாயகியின் பொறுப்பில் வந்தது. அவருடைய முதல் நாவலான ‘வைதேகி’ அதில் தொடராக வெளியாயிற்று. ஒரு பெண் கதை எழுதுவதும் அதைத் தானே அச்சிட்டு விற்பதும் ஆசாரமான குடும்பங்கள் நிறைந்த திருவல்லிக்கேணியில் எளிதில் ஏற்கப்படவில்லை. ஏச்சும் எதிர்ப்பும் இருந்தன. இதழ் நிற்கவில்லை.

அது எப்படி நடந்தது என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி. தொடர்கதை சந்தாதாரரைப் பிடித்து வைத்தது. தொடர் முடிந்ததும் நாவல் தனி நூலாக விற்பனைக்கு வந்தது. பின்னாளில் சொந்த அச்சகமும் அமைந்தது. எழுதுபவர், ஆசிரியர், பதிப்பாளர், அச்சக உரிமையாளர் எல்லாம் ஒருவரே. அவர் எழுதிய நாவல்கள் 115 என்று கணக்கிடப்படுகிறது. அவற்றில் பல அவசரத்தில் எழுதப்பட்டவை என்று குறை சொல்லும் விமர்சகர்கள், மாதம் தவறாமல் பக்கங்களை நிரப்பினால்தான் இதழ் உயிரோடிருக்கும் என்ற நெருக்கடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெண்கல்வி, விதவை மறுமணம், வரதட்சிணை, மது விலக்கு ஆகியவை அந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. கதையைத் தேடி வாங்கியவர்களின் வீட்டுக்குள் அக்கருத்துகளும் கூடவே நுழைந்தன. கட்டுரையாக வந்திருந்தால் பல வீடுகளில் வாசற்படியோடு நின்றிருக்கும்.

1925இல் காந்தியைச் சந்தித்த பின் கோதைநாயகி கதராடைக்கு மாறினார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு 1932இல் சிறை சென்றார், சிறையிலும் எழுதினார். இரண்டாம் உலகப் போரின்போது காகிதத் தட்டுப்பாடு பல இதழ்களை முடக்கிற்று. அக்காலத்தில் அவர் சிங்கப்பெருமாள்கோவிலில் தங்கி இதழைத் தொடர்ந்து நடத்தினார்.

தாமே எழுதி, தாமே பிரதியெடுத்து, தாமே கைமாற்றும் சிற்றிதழ்களை மேற்கில் ‘ஸீன்’ என்பர். 1930களில் அமெரிக்க அறிவியல் புனைகதை ரசிகர்களிடம் தொடங்கிய வழக்கம் அது. 1990களின் தொடக்கத்தில் ‘ரயட் கேர்ள்’ இயக்கத்துப் பெண்கள் அதைப் பெண்ணியக் கருவியாக்கினர். 2000இல் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரில் ‘லேடிஃபெஸ்ட்’ என்ற விழாவையும் பெண்களே கூடி நடத்தினர். ‘ஜகன்மோகினி’யை ஸீன் என்று அழைப்பது பொருந்தாது. அது விலைக்கு விற்ற வணிக மாத இதழ். ஆனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் அச்சிடுவது என்ற ஒன்று இரண்டுக்கும் பொது.

தமிழில் அந்த ஸீன் மனப்பான்மைக்கு இன்னும் நெருங்கியவை வேறு இடங்களில் உள்ளன. காரைக்குடியில் 1936இல் தொடங்கிய ‘மாதர் மறுமணம்’ இதழுக்கு மரகதவல்லி ஆசிரியர். விதவை மறுமணம் என்ற ஒரே நோக்கத்துக்காகவே நடந்த இதழ் அது. இலங்கை மலையகத்தில் மீனாட்சியம்மாள் நடேசய்யர் தோட்டத் தொழிலாளரின் துயரத்தைப் பாட்டாக்கி, சிறு பிரசுரங்களாக வெளியிட்டார். கூட்டங்களில் அவரே பாடவும் செய்தார். எழுத்தறியாத தொழிலாளிப் பெண்ணுக்கு அச்சைவிட அந்தக் குரலே முதலில் போய்ச் சேர்ந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டம் 1986இல் ‘சொல்லாத சேதிகள்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டது.

போரினால் புலம்பெயர்ந்த பெண்கள் 1990 முதல் நார்வேயிலிருந்து ‘சக்தி’ இதழை வெளியிட்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் ‘பெண்கள் சந்திப்பு’ தொடங்கியது. பின்னர் அது பல நாடுகளில் கூடி, மலர்களும் வெளியிட்டது. ஆண்கள் கையிலிருந்த புலம்பெயர் அரசியலில் இயக்கங்களை விமர்சிப்பதே ஆபத்தாக இருந்த காலம் அது. வீட்டுக்குள் நடக்கும் வன்முறையைப் பற்றிப் பேச அங்கே பெண்களுக்குக் கிடைத்த இடங்கள் மிகச் சில.

இத்தகைய இதழ்கள் அழிவது எளிது. மெல்லிய தாள், சில நூறு பிரதிகள், வீடு மாறும்போது எடைக்குப் போகும் கட்டுகள். ‘ஜகன்மோகினி’யின் நாவலாசிரியரைத் திரைப்படம் ஓரளவு காப்பாற்றிற்று: அவருடைய ‘தயாநிதி’ நாவல் 1966இல் ‘சித்தி’ என்ற பெயரில் வெளிவந்தது. இலங்கைத் தமிழ்ப் பெண்களின் இதழ்கள் பலவற்றை இன்று நூலகம் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.