இருட்டில் ஒரு கல்யாணம்

1840, பிப்ரவரி 10. லண்டன், செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்குள் இருக்கும் சிறிய தேவாலயம். விக்டோரியா மகாராணிக்கும் இளவரசர் ஆல்பர்ட்டுக்கும் கல்யாணம். ஊரே, ஏன், ஐரோப்பாவே பேசிய கல்யாணம். மணப்பெண் என்றால் வெள்ளை கவுன் என்கிற வழக்கம் பிரபலமானதே அதற்கப்புறம்தான்.

அந்தக் கல்யாணத்தின் போட்டோவைப் பார்த்திருக்கிறீர்களா? 'பார்த்திருக்கிறேனே, முகத்திரை, பூங்கொத்து எல்லாம் இருக்குமே' என்பீர்களானால், நீங்கள் பார்த்தது 1854-ல் ரோஜர் ஃபென்டன் எடுத்த படமாக இருக்கலாம். அது கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் கழித்து எடுத்தது. நிஜக் கல்யாணத்துக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது.

மகாராணியிடம் காசுக்கா பஞ்சம்? இல்லை. பஞ்சம் வெளிச்சத்துக்கு. பாரிஸில் டாகர் தன்னுடைய போட்டோ முறையை உலகத்துக்கு அறிவித்து அப்போது ஆறு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அவருடைய கேமராவில் ஒரு முகம் பதிய வேண்டுமென்றால் நல்ல வெயிலில் நிமிஷக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டும். தேவாலயத்து இருட்டில் யார் உட்காருவது? மோதிரத்தைப் பிடித்த கையை அப்படியே வைத்திருங்கள் என்று மகாராணியிடம் யார் சொல்வது?

கல்யாண போட்டோ என்பதன் மொத்தப் பிரச்னையும் இதுதான். அன்றைக்கும் இதுதான், இன்றைக்கும் இதுதான். வெளிச்சம் குறைவு. நடப்பது மறுபடி நடக்காது. போட்டோக்காரர் கிட்டேயும் போகக்கூடாது. இந்த மூன்றுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட கண்ணாடிக் குழாயின் சரித்திரத்தைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

அதே 1840-ல், வியன்னாவில், ஜோசஃப் பெட்ஸ்வால் என்று ஒரு கணிதப் பேராசிரியர். வயது முப்பத்து மூன்று. டாகரின் கேமராவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவருக்கு ஒரே எண்ணம்தான்: கோளாறு கேமராவில் இல்லை, லென்ஸில்.

லென்ஸ் என்பது ஒரு ஜன்னல். ஜன்னல் பெரிதாக இருந்தால் வெளிச்சம் நிறைய வரும். எவ்வளவு பெரிது என்பதை 'எஃப் நம்பர்' என்று ஓர் எண்ணால் சொல்வார்கள். லென்ஸின் குவியத் தூரத்தை ஜன்னலின் அகலத்தால் வகுத்தால் வருவது. வகுத்து வருகிற விடை என்பதால் எண் சின்னதாக இருந்தால் ஜன்னல் பெரிது. டாகர் பயன்படுத்திய லென்ஸ் சுமார் எஃப் 15. கிட்டத்தட்ட ஊசித்துவாரம்.

அந்தக் காலத்தில் லென்ஸ் செய்வது கைப்பழக்கம். தேய்த்துப் பார், சரிவரவில்லையா, இன்னும் கொஞ்சம் தேய். பெட்ஸ்வால் தேய்க்கவில்லை. கணக்குப் போட்டார். ஒளிக்கதிர் ஒவ்வொரு கண்ணாடியிலும் எத்தனை வளையும் என்று காகிதத்திலேயே கண்டுபிடித்தார். கால்குலேட்டர் கிடையாது. ஆஸ்திரிய ராணுவம் பீரங்கிப் படையிலிருந்து கணக்கில் கெட்டியான சிலரை அனுப்பி வைத்தது. குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடுகிறவர்கள், ஒளி எங்கே விழும் என்று போட்டார்கள்!

விடை, எஃப் 3.6. டாகரின் லென்ஸைவிடச் சுமார் பதினேழு மடங்கு வெளிச்சம். நிமிஷங்கள் நொடிகளாகச் சுருங்கின. வாய்ட்லேண்டர் கம்பெனி அதைத் தயாரித்து விற்று ஐரோப்பாவெங்கும் கொடி நாட்டியது. பேராசிரியருக்கு என்ன கிடைத்தது? 2,000 ஃப்ளோரின். ஒரே தடவை. அவ்வளவுதான். பின்னாளில் கம்பெனிக்கும் அவருக்கும் பெரிய சண்டை வந்து, மனக்கசப்போடு ஒதுங்கி வாழ்ந்து, 1891-ல் இறந்துபோனார்.

அந்த 1891-ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதே வருஷத்தில்தான் டெலிபோட்டோ லென்ஸ் பிறந்தது. லண்டனில் டால்மேயர், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், அடால்ஃப் மீதே என்று மூன்று பேர், தனித்தனியாக. தூரத்து உருவத்தைப் பெரிதாக்கு, ஆனால் குழாய் முழம் முழமாக நீளக் கூடாது. இதுதான் டெலிபோட்டோவின் வித்தை.

இதில் மீதே ஒரு சுவாரஸ்யமான ஆசாமி. நான்கு வருஷம் முன்னால், 1887-ல், கெடிக்கே என்பவரோடு சேர்ந்து ஃப்ளாஷ் பவுடரைக் கண்டுபிடித்தவரும் இவரே. மக்னீசியத் தூளோடு வேறு ரசாயனங்களைக் கலந்து கொளுத்தினால் படீர்! அறை முழுக்க வெளிச்சம், அடுத்த விநாடி அறை முழுக்கப் புகை. பவுடர் வெடித்துக் காயம்பட்ட போட்டோக்காரர்கள் உண்டு.

ஆக, இருட்டில் படமெடுக்க இரண்டு வழி. நம் வெளிச்சத்தைக் கொண்டுபோய்க் கொட்டுவது ஒன்று. அங்கே இருக்கிற வெளிச்சத்தைப் பொறுக்கி எடுப்பது இன்னொன்று. முதல் வழி சுலபம். ஆனால் படம் எடுக்கப்படுகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்த அடுத்த கணம் முகம் மாறிவிடும்.

இரண்டாவது வழியின் அருமையை உலகத்துக்குக் காட்டியவர் ஒரு வக்கீல் படிப்புக்காரர். எரிக் ஸாலமன், பெர்லின். 1924-ல் எர்னெமான் கம்பெனி எர்மனாக்ஸ் என்றொரு சின்ன கேமராவைக் கொண்டுவந்தது. அதன் எர்னோஸ்டார் லென்ஸ் எஃப் 2. வடிவமைத்தவர் லுட்விக் பெர்டெலே, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். கண்ணுக்குத் தெரிவதை இதில் படமெடுக்கலாம் என்கிற ரீதியில் விளம்பரம் செய்தார்கள். மிகைதான், ஆனால் பொய்யில்லை.

ஸாலமன் 1928-ல் அதைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு ஒரு கொலை வழக்கு நடந்த கோர்ட்டுக்குள் நுழைந்தார். பிறகு சர்வதேச மாநாடுகள், மந்திரிகளின் விருந்துகள். ஃப்ளாஷ் இல்லை, புகை இல்லை. கொட்டாவி விடும் தலைவர்கள், குசுகுசுக்கும் தூதர்கள் எல்லோரும் அப்படியே அகப்பட்டார்கள். 1931-ல் பிரெஞ்சு அரசியல்வாதி பிரியாண்ட், 'இதோ வந்துட்டார்யா' என்கிற மாதிரி ஸாலமனை நோக்கி விரல் நீட்டினார். அதுவும் படமாயிற்று. ஸாலமன் யூதர். நெதர்லாந்துக்குத் தப்பிப் போயும் விடவில்லை. 1944-ல் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள்.

பெர்டெலே பிறகு ஸைஸ் கம்பெனிக்கு வந்தார். அங்கே அவர் வடிவமைத்த 180 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ் 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு வந்ததால் அதற்கு 'ஒலிம்பியா ஸோனார்' என்றே பெயர். இன்று கல்யாண போட்டோக்காரர்களின் தோளில் தொங்கும் 70-200 மி.மீ., எஃப் 2.8 ஜூம் லென்ஸுக்குக் கிட்டத்தட்ட பெரியப்பா.

அந்த ஜூம் லென்ஸ் ஏன் அத்தனை தடி, அத்தனை விலை? பி.காம். கணக்கே போதும். 200-ஐ 2.8-ஆல் வகுங்கள். 71 மி.மீ. அத்தனை அகலத்துக்கு ஜன்னல் வேண்டும். அதே 200-க்கு எஃப் 5.6 என்றால் 36 மி.மீ. போதும். அகலம் பாதியானால் லென்ஸ் இளைக்கும், விலையும் இறங்கும். ஆனால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். விநாடியில் இருநூறில் ஒரு பங்கில் எடுக்க வேண்டிய படத்துக்கு ஐம்பதில் ஒரு பங்கு தேவைப்படும்.

'அதனால் என்ன, இப்போதுதான் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் லென்ஸ்கள் வந்துவிட்டனவே' என்று கடைக்காரர் சொல்வார். வாஸ்தவம். 1995-ல் கேனான் அப்படியொரு ஜூம் லென்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2001-ல் 70-200, எஃப் 2.8-க்கும் அந்த வசதி வந்தது. அப்படியானால் விலை குறைந்த எஃப் 5.6-ல் அந்த வசதி இருந்தால் போதாதா?

இதற்குப் பதில் விக்டோரியாவிடமே இருக்கிறது. 1858, ஜனவரி 25. மகாராணியின் மூத்த மகள் விக்கிக்குக் கல்யாணம். வயது பதினேழு. மாப்பிள்ளை பிரஷ்ய இளவரசர், எனவே பெண் கடல் தாண்டிப் போகப் போகிறாள். தேவாலயத்துக்குக் கிளம்பும் முன் பக்கிங்ஹாம் அரண்மனையில் அப்பா, அம்மா, பெண் மூவரையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள். கேமரா ஆடவில்லை. அப்பா தெரிகிறார். பெண் தெரிகிறாள். அம்மா மட்டும் கலங்கலாக இருக்கிறார். தான் நடுங்கிய நடுக்கத்தில் உருவம் தெளிவாக விழவில்லை என்று விக்டோரியாவே தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

புரிகிறதல்லவா? போட்டோக்காரரின் கை நடுக்கத்தைத்தான் இயந்திரம் நிறுத்தும். பெண்ணைப் பெற்றவளின் நடுக்கத்தை அது நிறுத்தாது. அதைப் பிடிக்க நேரம் சுருங்க வேண்டும். நேரம் சுருங்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் வேண்டுமென்றால் பெரிய ஜன்னல்.

டிஜிட்டல் கேமராவில் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி ஓரளவு சமாளிக்கலாம். ஆனால் அது கடன். படத்தில் விழும் புள்ளிகள்தான் வட்டி. இன்றைய கேமராக்களில் வட்டி ரொம்பக் குறைந்துவிட்டது என்பதால், எஃப் 4 லென்ஸ்கூடப் பல மண்டபங்களில் பிழைத்துக்கொள்கிறது.

ஆகவே வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'எத்தனை ஜூம்?' அல்ல. 'எங்கே நிற்கப் போகிறேன்?' என்பதே. முப்பத்தைந்து மி.மீ. ஃபிலிம் அளவுக்கு சென்ஸார் உள்ள கேமராவில், பத்து மீட்டர் தள்ளி நின்றால், 200 மி.மீ. லென்ஸ் 1.8 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் அளவாக அடங்குவார்கள். ஆறு மீட்டரில் முன்வரிசையில் இடம் கிடைக்குமா? அந்த பெரிய ஜூமே வேண்டாம். 85 மி.மீ., எஃப் 1.8 போதும். விலையும் எடையும் ஒரு பங்கு, வெளிச்சம் எஃப் 2.8-ஐவிட இரண்டேகால் மடங்குக்கு மேல்.

நம் ஊர் மண்டபங்களில் கெட்டிமேளம் கொட்டும்போது விருந்தாளிகளுக்குத் தெரிவது தாலியா, வீடியோக்காரரின் முதுகா? வெளிச்சத்தைக் கொட்டுகிறவர் கிட்டே போய்த்தான் ஆகவேண்டும். பொறுக்கி எடுக்கத் தெரிந்தவர் தள்ளி நிற்கலாம். தள்ளி நின்றால், மேடைக்கு ஓரத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அம்மாவும் அவருக்குத் தெரிவாள். பெட்ஸ்வால் 2,000 ஃப்ளோரினுக்கு விற்றது அந்த இடத்தைத்தான்.