நிலாவுக்குப் போட்ட கணக்கு

கயிற்றில் ஒரு கல்லைக் கட்டிச் சுற்றினால் கை இழுபடும். வேகம் கூடக்கூட இழுப்பும் கூடும். சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த இந்த விஷயத்துக்குச் சரியான கணக்கு 17ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659ல் அதைக் கண்டுபிடித்தார். ஆனால் 1673ல்தான் வெளியிட்டார். அதற்குள் 1660களில் இங்கிலாந்தில் ஐசக் நியூட்டனும் தனியாக அதே விடைக்கு வந்திருந்தார். வேகத்தின் வர்க்கத்தை வட்டத்தின் ஆரத்தால் வகுத்தால், மையத்தை நோக்கிய முடுக்கம் கிடைக்கும். இன்று பள்ளிப் பாடத்தில் ஒரே வரியில் வரும் சூத்திரம் இதுதான்.

நியூட்டன் இந்தக் கணக்கை நிலாவுக்குப் போட்டுப் பார்த்தார். வானத்துக்கு ஒரு விதி, பூமிக்கு வேறு விதி என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து சொல்லி வந்தார்கள். பழத்தைக் கீழே இழுக்கும் அதே விசைதான் நிலாவையும் பிடித்து வைத்திருக்கிறது என்றால், அந்தப் பழைய நம்பிக்கை உடைந்துவிடும்!

நிலா இருப்பது பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தூரத்தில். தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஈர்ப்பு குறையுமானால், அங்கே அது 3600ல் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஆனால் நியூட்டனின் கணக்கில் 4000க்கும் மேல் வந்தது.

தவறு எங்கே? சூத்திரத்தில் இல்லை, பூமியின் அளவில்தான்! ஒரு பாகைக்கு 60 மைல் என்று மாலுமிகள் வைத்திருந்த கணக்கை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். உண்மையில் அது சுமார் 69 ஆங்கில மைல். பூமி சிறியதாகிவிட்டதால் நிலாவின் தூரமும் குறைந்தது, அதன் முடுக்கமும் குறைந்தது.

1669-70ல் பிரான்சில் ழான் பிக்கார் பாரிஸுக்கும் அமியான் நகருக்கும் இடையே நிலத்தை அளந்து பூமியின் சரியான அளவைக் கண்டார். 1687ல் வெளிவந்த 'பிரின்சிபியா' நூலில் நியூட்டன் கணக்கைத் திரும்பப் போட்டபோது விடை பொருந்தியது. இவ்வளவு வருடத் தாமதத்துக்கு இந்த ஒரு தவறு மட்டுமே காரணமில்லை. ஒரு கோளம் முழுவதும் அதன் மையத்திலிருந்து இழுப்பதுபோலவே இழுக்கும் என்பதை நிரூபிக்கும் வேலையும் இருந்தது.

இன்றைய எண்களை வைத்து நாமே போட்டுப் பார்க்கலாம். தூரம் 3,84,400 கி.மீ., ஒரு சுற்றுக்கு 27.3 நாள். வேகம் நொடிக்கு சுமார் 1.02 கி.மீ. வருகிறது. முடுக்கம் சுமார் 0.00272 மீட்டர்/நொடி². பூமியில் உள்ள 9.8ஐ இதால் வகுத்தால் கிட்டத்தட்ட 3600!

சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், அதில் போடும் எண் தவறென்றால் விடையும் தவறுதான். நியூட்டனுக்கே இந்தக் கதி என்றால், பரீட்சையில் நாம் எத்தனை முறை சரிபார்க்க வேண்டும்!